ஒரு சோதனைக் குழாயின் காத்திருப்பு

திண்டுக்கல்லிலிருந்து பழநி போகும் சாலையில், ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் வரும் ஊர் ரெட்டியார்சத்திரம். மலைமேல் கோபிநாத சுவாமி கோயில், காய்கறி நாற்றுகளுக்குப் பெயர்பெற்ற இந்திய–இஸ்ரேல் கூட்டு மகத்துவ மையம், சுற்றிலும் தோட்டமும் கிணறுமாக விவசாயக் கிராமங்கள். இங்கே ஒருவருக்குக் கண் மஞ்சளாகி, பசி செத்துப்போய், சிறுநீரும் அடர்ந்த நிறத்தில் போக ஆரம்பித்தால், வீட்டிலிருக்கும் பெரியவர்கள் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெயும் உப்பும் சாப்பாட்டிலிருந்து விலக்கப்படும். பெரும்பாலும் சில வாரங்களில் கண் தெளிந்துவிடும்.

தெளிந்துவிடுவதற்குக் காரணம் உண்டு. கல்லீரலைத் தாக்கும் முக்கிய வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, இ. இவற்றில் ஏ-யும் இ-யும் கெட்ட தண்ணீர், கெட்ட உணவு வழியாக வருகின்றன. பெரும்பாலானவர்களுக்கு மருந்தே இல்லாமல் தானாக அடங்கியும் விடுகின்றன. பி-யும் சி-யும் ரத்தம், சுத்திகரிக்காத ஊசி, பாதுகாப்பற்ற உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளை என்று வேறு வழிகளில் நுழைபவை. உள்ளே வந்தபின் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் தங்கி, கல்லீரலைச் சுருங்க வைத்து, புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகக்கூடியவை. டி வைரஸ், பி இருக்கும் உடம்பில் மட்டுமே பிழைக்கும். இ வைரஸ் சாதாரண ஆளை விட்டுவிட்டாலும், கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு உயிரைப் பறித்திருக்கிறது. ஐந்துக்கும் மஞ்சள் ஒன்றுதான். கண்ணின் நிறத்தை வைத்து எது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதை ரத்தத்தில்தான் தேட வேண்டும்.

அப்படித் தேட வழியில்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு டெல்லி சாட்சி. 1955 நவம்பரில் யமுனையின் தண்ணீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. அடுத்த சில வாரங்களில் அந்த நகரத்தில் 29,000 பேருக்கு மேல் மஞ்சள் காமாலை வந்தது. ஏ வைரஸ்தான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். அன்றைய நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைச் சிலர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். ஏ வைரஸுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனை கைக்கு வந்த பிறகு அந்தச் சீரம் வெளியே எடுக்கப்பட்டது. 1980-ல் முடிவு வெளியானது: அது ஏ அல்ல. பின்னாளில் ஹெபடைடிஸ் இ என்று பெயர் பெற்ற வைரஸ் அது. 29,000 பேரின் நோய் ஏ அல்ல என்று தெரியவே கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் காத்திருப்பு எப்படிக் கால் நூற்றாண்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

அதற்கு முன் கீழாநெல்லிக்கே ஒருமுறை திரும்ப வேண்டும். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடி தரப்பட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு பிரிவுக்கு வெறும் மாத்திரை. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் (அதன் மேலுறைப் புரதம்) மறைந்தது. மற்ற பிரிவில் 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த ஆய்வு செய்த ஒரு காரியம் நிலைத்து நிற்கிறது. கண் தெளிந்ததா, பசி எடுத்ததா என்று அது கேட்கவில்லை. ரத்தத்தில் ஆன்டிஜென் இருக்கிறதா இல்லையா என்று கேட்டது. பாட்டி வைத்தியத்தை ஆதரிக்கவும் மறுக்கவும் ஒரே அளவுகோல் கிடைத்துவிட்டது.

அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் பாருக் பிளம்பர்க். அந்த அளவுகோலின் தொடக்கமே அவருடைய ஆய்வகம்தான்.

1963-ல் பிளம்பர்க்கும் ஹார்வி ஆல்ட்டரும் தேடிக்கொண்டிருந்தது வைரஸை அல்ல. ஒருவருடைய ரத்தப் புரதம் இன்னொருவருடையதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறை எளிது: அகார் கூழ் பரப்பிய தட்டில் சிறு குழிகள் போட்டு, ஒரு குழியில் பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவரின் சீரம், சுற்றியுள்ள குழிகளில் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த சீரம். ஆன்டிபாடியும் ஆன்டிஜெனும் கூழுக்குள் ஊர்ந்து வந்து சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். ரத்தம் உறையாத நோயுள்ள ஒரு நியூயார்க் நோயாளியின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு கோடு போட்டது. அதனால் வந்த பெயர் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்'. அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்று புரியவே சில ஆண்டுகள் பிடித்தன.

புரிய வைத்தவர்களில் ஓர் ஆய்வகப் பணியாளரும் உண்டு. 1967-ல் பிளம்பர்க்கின் ஆய்வகத்தில் அந்த ஆன்டிஜெனைப் பிரித்தெடுக்கும் வேலையில் இருந்தவர் பார்பரா வெர்னர். உடம்பு சரியில்லை என்று தோன்றியதும், ஒரு மாலையில் தன் சீரத்தையே அகார் தட்டில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை மெல்லிய கோடு தெரிந்தது. கண் மஞ்சளாவதற்கு முன்பே ஆன்டிஜென் பரிசோதனை கண்டுபிடித்த முதல் ஹெபடைடிஸ் நோயாளி அவர்தான். நல்லவேளையாகக் குணமடைந்தார். கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் இந்தப் பெண்ணின் பெயர் இன்னும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ரத்தத்தைக் கையால் தொட்டு வேலை செய்பவர்களே அந்த நோய்க்கு முதல் இரையாகிறார்கள் என்பதையும் அவருடைய அனுபவம் சொல்லிவிட்டது. பிற்காலத்தில் ஆய்வகங்கள் இயந்திரத்தை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அகார் கோடு தெரிய ஒன்றிரண்டு நாட்களாகும். ரத்தத்தில் ஆன்டிஜென் ஏராளமாக இருந்தால்தான் விழும். அடுத்து வந்த கதிரியக்கப் பரிசோதனை மிக நுட்பமானது. அதற்கு வழி போட்டவர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். ஆனால் கதிரியக்க அயோடினைக் கையாள எல்லா ஊர் ஆய்வகங்களாலும் முடியாது. 1971-ல் ஸ்டாக்ஹோமில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மானும், நெதர்லாந்தில் ஷூர்ஸும் வான் வீமனும், தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்தார்கள்: ஆன்டிபாடியின் வாலில் கதிரியக்கத்துக்குப் பதிலாக ஒரு நொதியைக் கட்டிவிடலாம். நொதி நிறத்தை உண்டாக்கும். நிறம் அடர்த்தியானால் தேடிய பொருள் அதிகம். அதுதான் எலைசா.

எலைசா தமிழ்நாட்டில் செய்த மிகப் பெரிய காரியம் வேறொரு வைரஸைப் பற்றியது. 1986 தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் எடுத்தார். பிரித்த சீரத்தை வைக்க இடமில்லாமல் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். சென்னையில் எலைசா வசதி இல்லை. ஐஸ் பெட்டியோடு இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான் நடத்திய வைரஸ் ஆய்வகத்தை அடைந்தார். தட்டில் 6 குழிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. பரிசோதனை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், மாதிரி கெட்டுப்போகாமல் அதனிடம் போய்ச் சேர வேண்டும். அந்த ஐஸ் பெட்டியும் ரயிலும் கண்டுபிடிப்பின் பாதி.

திண்டுக்கல் மாவட்டத்துக்கும் எலைசாவுக்கும் இன்னொரு உறவு இருக்கிறது. பழநி பஞ்சாமிர்தத்தில் சேரும் விருப்பாச்சி மலைவாழையும் சிறுமலை வாழையும் முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் நோயால் அழியும் நிலைக்குப் போயின. பாதித்த கன்றும் பாதிக்காத கன்றும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி இருக்கும். ஆரோக்கியமான கன்றைப் பிரித்தெடுக்க உதவியது இதே ஆன்டிபாடி முறைதான். மனிதச் சீரத்துக்குப் பதில் வாழை இலைச் சாறு. மற்றபடி அதே 96 குழித் தட்டு, அதே நிறமாற்றம்.

அந்தத் தட்டைக் கையால் நடத்துவது எப்படி என்று கொஞ்சம் பார்க்கலாம். எட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி. ஒவ்வொரு குழியிலும் 100 மைக்ரோலிட்டர் சீரம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு. 37 டிகிரியில் வைத்து, கழுவி, நொதி கட்டிய ஆன்டிபாடி ஊற்றி, மறுபடி வைத்து, மறுபடி கழுவி, நிறம் தரும் திரவம் ஊற்ற வேண்டும். நீலம் வரும், அமிலம் விட்டால் மஞ்சளாகும். கழுவுவது ஒருமுறை குறைந்தால் இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். நாற்பதாவது குழியில் கவனம் ஒரு நொடி சிதறி, ஒரு சீரம் பக்கத்துக் குழியில் விழுந்தால், அதற்குப் பிறகு வரும் அத்தனை பேரின் முடிவும் அடுத்தவர் பெயரில் போய்விடும். இதைத் தினமும் பிழையில்லாமல் செய்துவந்த லேப் டெக்னீஷியன்களின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும்.

கைவேலையின் பெரிய குறை பிழைகூட அல்ல, காத்திருப்பு. ஒரு மாதிரிக்காக ஒரு தட்டை ஓட்ட முடியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கட்டுப்பாட்டு மாதிரிகள் வைக்க வேண்டும், அவையும் பரிசோதனைக்கான வேதிப்பொருள் கிட்டைத் தின்னும். அதனால் சிறிய மருத்துவமனைகள் மாதிரிகளைச் சேர்த்து வைத்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் மட்டும் எலைசா போட்டன. திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தவருக்கு வெள்ளிக்கிழமை முடிவு. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர், டயாலிசிஸ் இயந்திரத்தில் உட்கார வேண்டியவர், வலி எடுத்துவிட்ட கர்ப்பிணி எல்லோரும் தட்டு நிறைவதற்காகக் காத்திருந்தார்கள்.

இந்தக் காத்திருப்பைத்தான் தானியங்கி இயந்திரங்கள் உடைத்தன. முதலில் வந்தவை எலைசாவின் கைவேலையை மட்டும் எடுத்துக்கொண்டன: ஊற்றும் கருவி, கழுவும் கருவி, படிக்கும் கருவி. பெரிய மாற்றம் தட்டையே கைவிட்டபோது வந்தது. இன்றைய வேதியொளி இயந்திரத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் தனிக் கிண்ணம். யாருக்கும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு பி பரிசோதனை, அடுத்தவருக்கு சி, மூன்றாமவருக்குத் தைராய்டு என்று எந்த வரிசையில் வைத்தாலும் ஓடும். அவசரக் குழாயை முன்னால் நுழைக்கலாம்.

உள்ளே நடப்பது இது. குழாயின் மேல் ஒட்டிய பார்கோடு படிக்கப்படுகிறது. மெல்லிய உறிஞ்சுமுனை கீழே இறங்குகிறது. சீரத்தைத் தொட்டதும் மின் மாற்றத்தால் அதை உணர்ந்து நின்றுவிடுகிறது. உறிஞ்சும்போது அழுத்தம் மாறினால் உள்ளே ரத்தக் கட்டி இருக்கிறது என்று எச்சரிக்கிறது. சீரம் போய்ச் சேரும் கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்கள் மிதக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் பி வைரஸ் ஆன்டிஜெனைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள். பிடித்துக்கொண்டதும் ஒரு காந்தம் துகள்களைச் சுவரோரம் இழுத்து வைக்க, மற்றதெல்லாம் கழுவி வெளியேற்றப்படுகிறது. பிறகு ஒளிரும் வேதிப்பொருள் கட்டிய இரண்டாவது ஆன்டிபாடி வந்து ஒட்டுகிறது. கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடும் காரமும் சேர, ஒரு நொடி மின்னல். அந்த வெளிச்சத்தை ஒளியுணரி எண்ணுகிறது. வரம்பு அளவோடு வகுத்து, 1 அல்லது அதற்கு மேல் வந்தால் 'ரியாக்டிவ்'. பல இயந்திரங்களில் இதற்கு 20 முதல் 40 நிமிடங்கள் போதும்.

நுட்பம் கூடக் கூட ஒரு புதிய அபாயமும் கூடியது. ஹெபடைடிஸ் பி உள்ள சிலரின் ரத்தத்தில் ஆன்டிஜென் மிக ஏராளம். இயந்திரம் கண்டுபிடிக்கக்கூடிய குறைந்த அளவைப்போல் பத்து லட்சம் மடங்கு இருக்கலாம். பூண்டு அரிந்த கத்தியைத் துடைத்துவிட்டு மாம்பழம் நறுக்கினாலும் வாசனை ஏறுமே, அதைப்போல, உறிஞ்சுமுனையில் மிஞ்சிய ஒரு துளியின் துளி போதும், அடுத்த குழாய்க்காரரை நோயாளியாக்கிவிட. அதனால்தான் சில இயந்திரங்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் புது முனையை மாட்டிக் கழற்றி எறிகின்றன. மற்றவை கடும் கழுவலை நம்புகின்றன. இயந்திரம் வாங்கும் மருத்துவமனை, மணிக்கு எத்தனை பரிசோதனை என்று கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

இயந்திரமும் ஏமாறும். சில இயந்திரங்கள் பயோட்டின் என்ற வைட்டமினைப் பசையாகப் பயன்படுத்துகின்றன. முடி கொட்டாமல் இருக்க அதிக அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் அந்தப் பசை கலங்கிப்போய்த் தவறான முடிவு வரலாம். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் ரத்தம் எடுத்தால், ஊசியில் இருந்த ஆன்டிஜெனையே நோய் என்று இயந்திரம் சொல்லிவிடக்கூடும். வரம்பை ஒட்டி வரும் எண்ணை உடனே நோயாளியின் கையில் கொடுக்காமல், ஆன்டிபாடி சேர்த்து அந்த வெளிச்சம் அணைகிறதா என்று உறுதிசெய்யும் பரிசோதனை நடத்துவது, இயந்திரம் ஏமாறக்கூடும் என்பதால்தான்.

ஒரே எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யவும் முடியாது. மேற்பரப்பு ஆன்டிஜென் இருந்தால் வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது. வைரஸின் உள்கருவுக்கு எதிரான ஐஜிஎம் ஆன்டிபாடி இருந்தால் பெரும்பாலும் சமீபத்தில் வந்தது. உள்கரு ஆன்டிபாடியோடு மேற்பரப்பு ஆன்டிபாடியும் இருந்து, ஆன்டிஜென் இல்லையென்றால், எப்போதோ வந்து ஆறியது. மேற்பரப்பு ஆன்டிபாடி மட்டும் தனியாக, 10 அலகுக்கு மேல் இருந்தால் அது தடுப்பூசியின் வேலை. நான்கு எண்களையும் சேர்த்துப் படிக்க ஒரு மருத்துவரும் அனுபவமுள்ள ஆய்வக அலுவலரும் தேவை.

பணத்தின் கணக்கும் உண்டு. இந்தியாவில் பல மருத்துவமனைகள் இந்த இயந்திரத்தை விலை கொடுத்து வாங்குவதில்லை. நிறுவனமே கொண்டுவந்து வைத்துவிடும். அதற்கு ஈடாக அந்த நிறுவனத்தின் கிட்டை மட்டுமே வாங்குவதாக மருத்துவமனை ஒப்பந்தம் போடும். கிட்டின் பெட்டியிலும் பார்கோடு இருக்கும், வேறு நிறுவனத்தின் பாட்டிலை இயந்திரம் ஏற்காது. நோயாளிகள் நிறைய வரும் இடத்தில் இது நல்ல ஏற்பாடுதான். குறைவாக வரும் இடத்தில், திறந்த கிட்டின் காலக்கெடு முடிந்து பாதி வீணாகும், செலவு நோயாளியின் தலையில் விழும். ஆகவே ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஓர் இயந்திரம் என்பது நடக்காத காரியம்; நடக்கவும் வேண்டாம். ரெட்டியார்சத்திரம் போன்ற ஒன்றியத்தின் சுகாதார நிலையத்தில், விரலளவு கார்டில் கோடு தெரியும் துரிதப் பரிசோதனையே முதல் வடிகட்டியாக இருக்கலாம். கோடு விழுந்தவர்களின் மாதிரியும், சந்தேகம் தீராதவர்களின் மாதிரியும் மாவட்டத் தலைநகருக்குப் போனால் போதும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று.

கர்ப்பிணிகளின் மாதிரியில்தான் நேரம் உயிர்ப்பிரச்சினையாகிறது. பி வைரஸ் வீரியத்தோடு பெருகிக்கொண்டிருக்கும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு, தடுப்பு எதுவும் தராவிட்டால், 70 முதல் 90 சதவீதம் வரை தொற்று ஏற்படும். பச்சிளம் வயதில் தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். பெரியவர்களாகித் தொற்றியவர்களில் இருபதில் ஒருவருக்குக்கூட அப்படித் தங்குவதில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்தால், அதோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும், முடிந்தவரை 12 மணி நேரத்துக்குள், சேர வேண்டும். கர்ப்ப காலத்திலேயே தெரிந்திருந்தால் தாய்க்கு மாத்திரை தந்து வைரஸின் அளவை முன்கூட்டியே குறைக்கவும் வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரும் முடிவு செவ்வாய்க்கிழமை பிறந்த பிள்ளைக்கு எந்த உதவியும் செய்யாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி, 55 லட்சம் பேருக்கு சி இருந்தது. உலகளவில் பி உள்ளவர்களில் 13 சதவீதம் பேருக்கு மட்டுமே அது தங்களுக்கு இருப்பது அப்போது தெரிந்திருந்தது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாகத் தருகிறது. ஜூலை 28 பிளம்பர்க்கின் பிறந்தநாள்.

ஹெபடைடிஸ் சி-யில் மீதமிருக்கும் காத்திருப்பு இரண்டாவது ரத்தக் குழாயால் வருவது. ஆன்டிபாடி பரிசோதனை ரியாக்டிவ் என்றால் வைரஸ் எப்போதோ வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். குணமான பிறகும் அந்த ஆன்டிபாடி நீண்ட காலம் இருக்கும். இப்போது வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்என்ஏ பரிசோதனை வேண்டும். இருப்பது உறுதியானால் பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் முழுக் குணம். ஆனால் "திரும்ப வாருங்கள், இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பப்படுபவர்களில் பலர் திரும்புவதே இல்லை. ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் இரண்டாம் முறை இழக்க யாருக்கும் எளிதல்ல. இதற்குத் தீர்வு ஏற்கெனவே பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது: ரத்தம் எடுத்த அன்றே அதில் ஒரு பங்கை, எந்த உறிஞ்சுமுனையும் தொடுவதற்கு முன், தனிக் குழாயில் பிரித்துக் குளிரில் வைத்துவிடுவது. ஆன்டிபாடி இயந்திரம் ரியாக்டிவ் என்று சொன்னால், ஆய்வக மென்பொருள் யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் அந்த இரண்டாவது குழாயை ஆர்என்ஏ பரிசோதனைக்கு அனுப்பும். நோயாளி அடுத்த முறை பஸ் ஏறுவது மாத்திரை வாங்குவதற்காக மட்டுமே இருக்கும்.